பக்கம் பிறப்பது எங்கள் கைப்பேசியில்: சேவைத் தளங்களைச் சோதித்து ஒப்புதல் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மக்களுக்கான சேவை இணையதளங்களைக் கட்டுவோருக்கும், அவற்றைச் சோதித்துச் 'சரி' என்று கையெழுத்திடுவோருக்கும்,

வணக்கம்.

கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது மலைச் சிற்றூரிலிருந்து, இம்மடலை எழுதுகிறேன். மென்பொருள் சோதனைதான் என் தொழில். கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, 2020-இல் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனபோது மலையேறி வந்தேன். பிறகு இங்கேயே தங்கிவிட்டேன். வார நாட்களில் அலுவலக வேலை. சனிக்கிழமை காலைகளில் ஊர் வாசகசாலையில் உட்கார்ந்து, இணையத்தில் விண்ணப்பம் போடவும் கட்டணம் கட்டவும் வருகிறவர்களுக்கு உதவுகிறேன். ஆகவே ஒரு பக்கத்தைச் சோதித்து அனுப்புகிறவனாகவும், அதே போன்ற பக்கத்தின் முன்னால் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறவனாகவும் இருக்கிறேன். இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் நான் காணும் இடைவெளியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனையும் அதைத் தொடர்ந்து மருத்துவர் சந்திப்பும் இருந்தன. சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் நானே என் கைப்பேசியில் முன்பதிவு செய்தேன். நாட்காட்டியில் 14-ஆம் தேதியைத் தொட்டேன்; 'உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது' என்ற பச்சைக் கட்டமும் அதற்குள் 14 என்ற தேதியும் வந்தன. அதைப் படம்பிடித்தும் வைத்துக்கொண்டேன். 14-ஆம் தேதி விடிவதற்கு முன் முதல் பேருந்தில் ஏறி, மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறக்கத்தில் அம்மா கொண்டை ஊசி வளைவுதோறும் என் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான். தண்ணீர் மட்டும் இரண்டு வாய் குடித்திருந்தார். பதிவு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், இது நேற்றைய தேதிக்குப் போட்டிருக்கிறீர்கள், அம்மா வராததால் ரத்தாகிவிட்டது" என்றார். நான் கைப்பேசியைக் காட்டினேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் திரையில் 14. அவர் திரையில் 13. இருவரும் பொய் சொல்லவில்லை. அடுத்த சந்திப்புக்குப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அன்று இரவே வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பக்கத்திலிருந்து சர்வருக்கு, அதாவது தளத்தை நடத்தும் கணினிக்கு, என்ன போகிறது என்று பார்த்தேன். காரணம் உடனே தெரிந்தது. நாட்காட்டியில் நான் தொட்ட 14-ஆம் தேதியை, உலாவியில் (பக்கங்களைத் திறந்து காட்டும் செயலியில்) ஓடிய ஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தோடு வந்த நிரல், '14-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம்' என்று புரிந்துகொண்டது, அதில் தவறில்லை. அனுப்பும்போது அதை உலகப் பொது நேரத்திற்கு மாற்றியது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதால், 14-ஆம் தேதி நள்ளிரவு என்பது அங்கே 13-ஆம் தேதி மாலை 6.30 ஆகிவிட்டது. சர்வர் மணியைப் பற்றிக் கவலைப்படாமல் தேதிக்குரிய முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்துப் பதிவேட்டில் 13 என்று எழுதிக்கொண்டது. பச்சைக் கட்டத்தில் வந்த 14 சர்வர் திருப்பிச் சொன்ன தேதியே அன்று. நான் தொட்டபோது கைப்பேசியின் நினைவில் தங்கியிருந்ததை ஸ்கிரிப்ட் எடுத்து வரைந்து காட்டியது, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தைக் கட்டிய குழுவுக்கு எழுதினேன். அவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எதையும் மறைக்காமல் பேசினார்; அதற்காக அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்தப் புதிய பக்கம் அந்த வாரம்தான் ஏற்றப்பட்டிருந்தது. தேதியைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்யும் சோதனை ஒன்று இருக்கத்தான் செய்தது; அது ஒவ்வொரு முறையும் தேறியது. ஏனென்றால் சோதனை ஓடிய மேகக் கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அங்கே 14-ஆம் தேதி நள்ளிரவு 14-ஆம் தேதி நள்ளிரவுதான். அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தப்போகிற அத்தனை பேரும் வாழும் நேரத்தில் அது ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்கப்படவில்லை. சோதனைக் கணினியில் நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்று மாற்ற ஒரே ஒரு வரி போதும். பதிவான பின் சர்வரிடம் திரும்பக் கேட்டு, திரையில் உள்ள தேதியும் பதிவேட்டில் உள்ள தேதியும் ஒன்றுதானா என்று ஒப்பிட இன்னும் நாலைந்து வரிகள் வேண்டும். அவை இல்லாததால்தான் என் அம்மா பட்டினியாக மலையிறங்கிப் பட்டினியாக வெளியே வந்தார்.

இப்போது பொதுவான செய்திக்கு வருகிறேன். இந்த ஸ்கிரிப்டுகளை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995-இல் பத்து நாளில் வடிவமைத்தபோது, அது பக்கத்தில் சின்னச் சின்ன அசைவுகளைச் சேர்ப்பதற்கான துணைக் கருவியாகவே எண்ணப்பட்டது. 2004-இல் வந்த ஜிமெயிலும் 2005-இல் வந்த கூகுள் மேப்ஸும், பக்கத்தின் பெரும்பகுதியை உலாவியிலேயே கட்டலாம் என்று காட்டின. பிறகு 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013-இல் ரியாக்ட் எனக் கட்டுமானக் கருவிகள் வரிசையாக வந்தன. இன்று எத்தனையோ சேவைத் தளங்களில் சர்வர் அனுப்புவது ஒரு வெற்றுப் பெட்டியும் ஒரு ஸ்கிரிப்ட் மூட்டையும் மட்டுமே. முன்பு கேரியரில் சமைத்த சோறு வந்தது. இப்போது அரிசியும் பருப்பும் செய்முறைக் குறிப்பும் வருகின்றன. அடுப்பு எங்களுடையது, விறகு எங்களுடையது, மழைக்காலத்து ஈர விறகும் எங்களுடையதே. இந்த முறையே தவறு என்று நான் சொல்லவில்லை. என் அலுவலகத்திலும் இப்படித்தான் கட்டுகிறோம். சமையல் இடம் மாறிய பிறகும் சோறு வெந்ததா என்பதைப் பழைய சமையலறையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் முறையீடு.

தளம் நன்றாக இயங்குகிறது என்பதற்குச் சான்றாக, சர்வர் ஒவ்வொரு முறையும் '200' என்று பதில் தந்தது எனக் காட்டும் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்ட கோப்பு கிடைத்தது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. வெற்றுப் பெட்டி வந்து சேர்ந்தாலும் 200 தான். பெட்டிக்குள் எதுவும் வரையப்படாமல் திரை வெள்ளையாகவே நின்றாலும் 200 தான். குன்னூர் ஏலத்திற்குப் போகும் தேயிலையை மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை. கொதிநீரில் ஊறவைத்து, சாற்றின் நிறம் பார்த்து, வாயில் உறிஞ்சிச் சுவைத்துத் துப்பிய பிறகே விலை சொல்கிறார்கள். இணையப் பக்கத்திற்கும் அதுதான் வேண்டும். சர்வர் அனுப்பிய மூல உரையைச் சோதிக்காமல், உண்மையான உலாவி ஒன்றில் பக்கத்தைத் திறந்து, ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தபின் திரையில் எழுந்து நிற்பதைச் சோதிக்க வேண்டும்.

இதற்கான கருவிகளுக்குப் பஞ்சம் இல்லை. எல்லாம் விலையின்றிக் கிடைக்கின்றன. உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலீனியத்தை 2004-இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிவைத்தார். அதன் வழியே வளர்ந்த வெப்டிரைவர் முறை 2018-இல் உலகளாவிய வலைத் தர அமைப்பின் முறையான பரிந்துரையாகவே ஆகிவிட்டது. திரையே இல்லாமல் ஓடும் குரோம் 2017-இல் வந்தது. அதே வேலைக்கான மைக்ரோசாஃப்ட்டின் ப்ளேரைட் 2020-இல் வந்தது. ஆகவே, உலாவியில் ஓடும் ஸ்கிரிப்டைத் தானாகச் சோதிக்க வழி இல்லை என்று இன்று எவரும் சொல்ல முடியாது. கருவி கையில் இருக்கிறது. அதைக்கொண்டு எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் கோளாறு.

வாசகசாலையில் நான் கண்ட ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். ஒரு பெரியவர், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு கட்டணத்தின் நிலுவை எவ்வளவு என்று பார்க்க வந்தார். அவருடைய கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்தோம். 'நிலுவைத் தொகை ரூ.0' என்று வந்தது. "நல்லதாப் போச்சு, தம்பி, மகன் கட்டிட்டான் போலிருக்கு" என்று சொல்லிக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்கு ஐயமாக இருந்ததால், கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று கைப்பேசியை மறுபடி வாங்கிப் பார்த்தேன். திரையில் 640 ரூபாய் நின்றது. அந்தச் சுழியம் பதிலே அல்ல. பதில் வருவதற்கு முன் ஸ்கிரிப்ட் தொகைக்கு வைத்திருந்த தொடக்க மதிப்பு. சர்வரிலிருந்து உண்மையான தொகை வந்து சேர எட்டு பத்து விநாடிகள் ஆகிவிட்டன. அதற்குள் அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, பொய்யான பதில்.

இதை உங்கள் தானியங்கிச் சோதனை பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் நானே பல ஆண்டுகள் இதைத் தவறாகச் செய்தவன். உலாவியில் கட்டப்படும் பக்கம் ஒரே கணத்தில் பிறப்பதில்லை. முதலில் சட்டகம் வருகிறது, பிறகு தலைப்பு, பிறகு சுழலும் வட்டம், பிறகு தரவு. சோதனை நிரல் மனிதனைவிட விரைவாகப் பார்ப்பதால், தரவு வருவதற்கு முன்பே பார்த்துவிட்டுத் தோல்வி என்று சொல்லும். அந்தத் தொல்லையைத் தவிர்க்க, சோதனையாளர்களாகிய நாங்கள் முதலில் செய்தது 'ஐந்து விநாடி தூங்கு' என்று நிரலில் எழுதியது. நகரத்து இணைப்பில் அது வீண் காத்திருப்பு. இணைப்பு மெலிந்த நாளில் அது போதாது. ஆகவே ஒரு நாள் தேறுவதும் ஒரு நாள் தவறுவதுமான சோதனைகள் பெருகின. கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களுடைய சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு இப்படி நிலையற்ற தன்மையைக் கொஞ்சமேனும் காட்டின. நிலையற்ற சோதனையை யாரும் நம்புவதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால், 'அது அப்படித்தான், மறுபடி ஓட்டு' என்பார்கள்.

இதற்கு மாற்றாக வந்த நல்ல வழக்கம், நேரத்தைக் கணக்கிடாமல் நிலையைக் கணக்கிடுவது: தொகை திரையில் தோன்றும்வரை காத்திரு, தோன்றிய பின் சரிபார். சோதனைகள் உறுதியாயின, ஆனால் அதே வழக்கம் இன்னொரு குறையைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. நிரல் இறுதி நிலைக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறது; 640 வந்ததும் தேறிவிட்டது என்கிறது. அதற்கு முன் திரையில் எட்டு விநாடி நின்ற சுழியத்தை அது பார்க்கவே இல்லை. பெரியவர் பார்த்தது அதை மட்டுமே. ஆகவே நான் கேட்பது இது: தரவு வருவதற்கு முன் பக்கம் என்ன சொல்கிறது என்பதற்கும் தனியாக ஒரு சோதனை எழுதுங்கள். உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே புகுந்து பதிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி இன்றைய கருவிகளில் இருக்கிறது. பதிலை இருபது விநாடி நிறுத்தி வையுங்கள். அந்த இருபது விநாடியும் திரையில் தொகை என்று படிக்கத்தக்க எந்த எண்ணும் இருக்கக் கூடாது என்று சரிபாருங்கள். அடுத்து, பதிலே வராமல் அறுத்துவிடுங்கள். அடுத்து, சர்வர் பிழையைத் திருப்பி அனுப்புவதாகச் செய்யுங்கள். பிறகு, பதில் வந்தும் பட்டியல் வெறுமையாக இருப்பதாகச் செய்யுங்கள். 'தகவல் கிடைக்கவில்லை' என்பதும் 'உங்கள் பெயரில் எதுவும் இல்லை' என்பதும் ஒரே வெற்றிடமாகத் திரையில் தெரிந்தால், ஓய்வூதியப் பட்டியலில் தன் பெயரைத் தேடுகிற ஒரு பாட்டிக்கு அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இணைப்பைப் பற்றி ஒரு சொல். மலைக்கே உரிய குறை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் மெதுவான 3ஜி இணைப்பைப் போலச் செய்து காட்டும் ஏற்பாடு உண்டு; அது விநாடிக்கு ஏறத்தாழ 400 கிலோபிட் வேகம். உங்கள் ஸ்கிரிப்ட் மூட்டை இரண்டு மெகாபைட் என்றால், அது வந்து சேரவே 40 விநாடி ஆகும். அதுவரை வெள்ளைத் திரைதான். ஆயினும் எங்கள் ஊரில் நடப்பது சீரான மெதுவே அன்று. பேருந்து ஒரு வளைவில் திரும்பும்போது சிக்னல் முழுதாக இருக்கும், அடுத்த வளைவில் அறவே இருக்காது. தென்மேற்குப் பருவ மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால், கோபுரத்தின் பேட்டரி தாங்கும்வரை தான். எனவே ஸ்கிரிப்ட் மூட்டையின் முதல் துண்டு வந்து, இரண்டாம் துண்டு வராமல் நின்றுவிடும். பக்கம் பார்வைக்கு முழுமையாக இருக்கும். 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லையே என்று மறுபடி அழுத்துவார்கள், மறுபடியும் அழுத்துவார்கள். இணைப்பு வந்ததும் மூன்று விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்திருக்கும். காலையில் திறந்த பக்கத்தை மூடாமல் வைத்திருந்து மாலையில் தொடர்ந்தவர்களுக்கு வேறொரு தொல்லை: நடுப்பகலில் நீங்கள் புதிய பதிப்பை ஏற்றிப் பழைய துண்டுகளை நீக்கியிருப்பீர்கள்; பழைய பக்கம் தேடும் கோப்பு சர்வரில் இருக்காது. இவை ஒவ்வொன்றையும் சோதனைக் கூடத்தில் உட்கார்ந்தபடியே உண்டாக்கிப் பார்க்கலாம்.

ஸ்கிரிப்ட் ஓடாதவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்காக ஓர் எண்ணை மட்டும் சொல்கிறேன். 2013-இல் பிரிட்டன் அரசின் மின்சேவைப் பிரிவு தன் தளத்தின் முகப்புப் பக்கத்தில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வருகைகளை வைத்து இதை அளந்தது. 1.1 விழுக்காட்டினருக்கு ஸ்கிரிப்டின் பயன் போய்ச் சேரவில்லை. அவர்களில் தாமே ஸ்கிரிப்டை அணைத்து வைத்திருந்தவர்கள் 0.2 விழுக்காடு மட்டுமே. மீதி 0.9 விழுக்காட்டினரின் உலாவியில் ஸ்கிரிப்ட் ஓடும் வசதி இருந்தது; ஏதோ ஒரு காரணத்தால் அது ஓடவில்லை. நல்ல இணைப்புள்ள நாட்டில் நூறில் ஒருவர். ஒரு மாவட்டத்தின் சேவைத் தளத்தில் அந்த நூறில் ஒருவர் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட என்னால் முடியும். அவர்கள் சனிக்கிழமை தோறும் என் முன்னால் உட்காருகிறார்கள்.

பழைய கைப்பேசிகள் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்தின் அமைப்பு மொழியில் உலாவிக்குப் புரியாத குறி ஒன்று வந்தால் அதை விட்டுவிட்டு மேலே போகும். அலங்கார மொழியில் புரியாத வரி வந்தால் அந்த வரியை மட்டும் தள்ளிவிடும். ஸ்கிரிப்ட் அப்படி அன்று. புரியாத குறியீடு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் செத்துவிடும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு சுருக்கக் குறியீட்டை டெவலப்பர்கள் இன்று விரும்பி எழுதுகிறார்கள். 2020-இல் வந்த குரோம் 80-ஆம் பதிப்புக்கு முந்தைய எந்தக் குரோமுக்கும் அது புரியாது. நினைவகம் நிரம்பிவிட்டதால் ஆண்டுக்கணக்காக எதையும் புதுப்பிக்காத கைப்பேசிகள் எங்கள் ஊரில் இன்னும் பேரப்பிள்ளைகளிடமிருந்து தாத்தாக்களுக்கு இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்ததாகத் தமிழைப் பற்றி. இதில் எனக்குச் சற்று ஆற்றாமையே உண்டு, ஏனென்றால் இது வேறு எவரும் நமக்காகச் சோதித்துத் தரமாட்டாத பகுதி. ஒரு விண்ணப்பத்தில் ஊரின் பெயரைத் தட்டச்சினால் பட்டியல் சுருங்கி அந்த ஊரைக் காட்ட வேண்டும். கோத்தகிரி என்று எழுதினால் 'பொருத்தம் எதுவும் இல்லை' என்று வந்தது. பட்டியலை மேலும் கீழும் உருட்டினால் கோத்தகிரி அங்கே இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யுனிகோடு முறையில் 'கோ' என்பதை இரண்டு வகையில் எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். இரண்டும் ஒரே எழுத்துதான் என்று யுனிகோடு தரமே சொல்கிறது. ஆயினும் ஸ்கிரிப்டின் ஒப்பீட்டுக் குறி அதை அறியாது. எண்கள் வேறு என்றால் சொல்லும் வேறு என்று முடிவு கட்டிவிடும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட பட்டியலில் ஒரு வகையும், இன்றைய கைப்பேசித் தட்டச்சில் மறு வகையும் இருந்தால், கோத்தகிரி, கோடநாடு, கொடைக்கானல் என்று ஒகர ஓகாரம் ஏறிய ஊர்கள் எல்லாம் தேடலில் காணாமற்போய்விடும். ஊட்டிக்கும் குன்னூருக்கும் எதுவும் ஆகாது. ஆகவே ஊட்டி என்று தட்டிப் பார்த்த சோதனையாளர் தேறிவிட்டது என்று எழுதியிருப்பார். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் செயற்கூறு 2015 முதல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே இருக்கிறது. அதை அழைக்க வேண்டும் என்று எவருக்காவது தோன்ற வேண்டுமானால், சோதனைத் தரவில் அந்த இரண்டு கோத்தகிரியும் இருக்க வேண்டும்.

எழுத்து எண்ணிக்கையும் இதே போன்றது. கோத்தகிரி என்பதில் எத்தனை எழுத்து என்று எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். ஸ்கிரிப்ட் ஒன்பது என்று எண்ணும். காலும் கொம்பும் பிரிந்த வடிவில் பத்து என்று எண்ணும். 'பெயர் 20 எழுத்துக்கு மிகாமல்' என்று கட்டுப்பாடு வைத்துவிட்டு ஆங்கிலப் பெயர்களை மட்டுமே போட்டுச் சோதித்தால், தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்து எழுதுகிற ஒரு விவசாயி பாதிப் பெயரோடு பட்டாவுக்கு விண்ணப்பிப்பார்.

இன்னொருவரைக் குறிப்பிட வேண்டும். பார்வையிழந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் வாசகசாலைக்கு வருகிறார். கைப்பேசி திரையை வாசித்துச் சொல்ல, காதால் கேட்டு எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவார். ஸ்கிரிப்ட் திரையின் ஒரு மூலையை மட்டும் மாற்றி வரைகிற பக்கங்களில்தான் அவர் தவித்துப்போகிறார். ஒரு முறை பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பேசியைக் காதருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். திரையில் சிவப்பு எழுத்தில் 'ஓடிபி தவறு' என்று வந்து நின்றது. வாசிப்புக் கருவிக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை. அவர் அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி மாறும் செய்திகளைக் கருவிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் வலை அணுகல் நெறிகளின், 2018-இல் வந்த 2.1 பதிப்பிலேயே இருக்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் முதலில் வந்து, 2023-இல் மூன்றாம் பதிப்பையும் கண்டுவிட்டன. அணுகல் அவற்றின் முக்கியக் கூறு. ஆனால் அணுகலைத் தானாகச் சரிபார்க்கும் கருவியைப் பக்கம் திறந்த உடனே ஒரு முறை ஓட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பிழைச் செய்தி பிறப்பது அதற்குப் பிறகு, பொத்தானை அழுத்திய பின். பக்கம் மாறும் ஒவ்வொரு நிலையிலும் அதை ஓட்ட வேண்டும். அதோடு ஒரு முறையாவது திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்டு ஒரு விண்ணப்பத்தை முடித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமும் பணமும் எங்கே என்று கேட்பீர்கள். அந்த நெருக்கடி எனக்கும் தெரியும். வெளியீட்டு நாளுக்கு முன்னிரவு சோதனைக்கு ஒதுக்கிய நேரம் எப்படிச் சுருங்கும் என்பதை நான் அனுபவித்தவன். எல்லாவற்றையும் உண்மையான உலாவியில் சோதிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கட்டணம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கும் கணக்கைத் தனிச் செயற்கூறாக நொடியில் சோதித்துவிடலாம். அதற்கு உலாவி வேண்டியதில்லை. ஒருவர் வந்து, நிரப்பி, அனுப்பி, உறுதிச்சீட்டைப் பெறுகிற அந்த ஒரு முழு வழியை மட்டுமாவது, இந்திய நேரத்தில், தமிழ்த் தரவோடு, மெலிந்த இணைப்பில், விலை குறைந்த ஒரு பழைய கைப்பேசியில் ஓட்டிப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்கிறேன். அந்தச் சோதனையின் முடிவில், திரையில் தெரிந்ததும் பதிவேட்டில் எழுதப்பட்டதும் ஒன்றே என்று ஒப்பிட்ட சான்று அறிக்கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள்: தளம் எத்தனை விழுக்காடு நேரம் உயிரோடு இருந்தது என்று சர்வரை அளக்கும் விதியோடு, பயனாளியின் உலாவியில் ஸ்கிரிப்ட் பிழையால் நின்றுபோன பக்கங்கள் எத்தனை என்று அளக்கும் விதியையும் சேருங்கள். உலாவியில் எழும் பிழையைச் சர்வருக்குத் தெரிவிக்கச் சில வரி ஸ்கிரிப்ட் போதும். அது இல்லாவிட்டால், எங்கள் கைப்பேசியில் செத்துப்போகும் பக்கம் உங்கள் கணக்கில் உயிரோடே இருக்கும்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வாகனங்கள் இணையத்தில் இ-பாஸ் பெற்றே மலையேறுகின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மலைக்குள் நுழைவதே ஓர் இணையப் பக்கத்தின் வழியாக என்று ஆகியிருக்கும் காலத்தில், அத்தகைய பக்கங்கள் எல்லாவற்றின் மீதும் எத்தனை பேருடைய பயணமும் மருத்துவமும் வருமானமும் தொங்குகின்றன என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

உங்களில் எவரேனும் வர விரும்பினால், சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 1 மணி வரை எங்கள் வாசகசாலை திறந்திருக்கும். நீங்கள் கட்டிய பக்கத்தையும், அதைச் சோதித்த நிரலையும் கொண்டுவாருங்கள். கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசி ஒன்று, நினைவகம் நிரம்பிய கைப்பேசி ஒன்று, ஆசிரியருடைய பேசும் கைப்பேசி ஒன்று என மூன்றை எடுத்து வைக்கிறேன். உங்கள் விண்ணப்பத்தை முதலில் அம்மூன்றிலும் நிரப்பிப் பார்ப்போம். பிறகு மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறி, எந்த வளைவில் சிக்னல் விடுகிறதோ அந்த வளைவில் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்திப் பார்ப்போம். என் அம்மாவும் உடன் வருவார். அவருக்கு அடுத்த பரிசோதனை வரவிருக்கிறது, இம்முறையும் இணையத்தில்தான் பதிய வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரத்திலிருந்து
ஒரு மென்பொருள் சோதனையாளன்